கிளைவஸ் கார்டோமா: மிச்சம் சின்னதுதானே, மறு ஆபரேஷன் எதற்கு?

பிஜி_நியூரோ:
கிளைவஸ் கார்டோமா (மண்டையோட்டின் அடி எலும்பில், மூளைத்தண்டுக்கு முன்னால் வரும் எலும்புக் கட்டி) கேஸ். மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பில் பெரும்பகுதி எடுத்தாகிவிட்டது. மூளைத்தண்டை ஒட்டி 1 செ.மீ. மிச்சம். புரோட்டான் கதிர் சிகிச்சைக்கு முன் இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்கிறார் ரேடியேஷன் டாக்டர். இவ்வளவு சின்ன மிச்சத்துக்கு ரேடியேஷனே போதாதா? எப்போது தொடங்கலாம்?

ஸ்கல்பேஸ்_சர்ஜன்:
அளவைப் பார்க்காதீர்கள், இடத்தைப் பாருங்கள். கார்டோமா அடங்க ஆர்பிஇ கணக்கில் (புரோட்டானின் உயிரியல் தாக்கத்தையும் சேர்த்து) குறைந்தது 74 கிரே (கதிர் டோஸின் அலகு) போல தேவை. மூளைத்தண்டின் மேற்பரப்பு தாங்குவதோ 60-64, நடுப்பகுதி 54 போல. கட்டி ஒட்டியிருந்தால் அந்த விளிம்புக்கு முழு டோஸ் போகாது. திரும்ப வளர்வதும் பெரும்பாலும் அங்கேதான். நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி உண்டாக்கிக் கொடுத்தாலே விளிம்புக்கும் டோஸ் போகும்படி பிளான் மாறிவிடும். மறு ஆபரேஷனின் நோக்கம் அவ்வளவுதான். மூளைத்தண்டுக்கு ரத்தம் தரும் பேசிலர் தமனியின் நுண்கிளைகளோடு பின்னியிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே பிடிவாதம் பிடித்தால் பக்கவாதத்தில் முடியும்.

கதிர்_ஆன்காலஜி:
ஆபரேஷன் முடிந்து 6-12 வாரத்தில் தொடங்குவது வழக்கம். மூளைத் தண்டுவட நீர் மூக்கில் ஒழுகுவது முழுசாக நின்றிருக்க வேண்டும். ஆறாத மூக்குச் சவ்வு மேல் கதிர் பட்டால் பிறகு ஆறுவது கஷ்டம். அதற்காக, "வளர்ந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று மெனிஞ்சியோமாவுக்கு (மூளை உறையில் வரும், பெரும்பாலும் சாதுவான கட்டி) சொல்வதை இங்கே சொல்லாதீர்கள்.

முதல் ஆபரேஷனுக்கு முந்தைய எம்ஆர்ஐயை அவசியம் அனுப்புங்கள். கட்டி முதலில் தொட்டிருந்த எலும்பு முழுவதும் இலக்கில் சேரும். பலர் கடைசி சிடியை மட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள்!

மெட்_ஃபிசிசிஸ்ட்:
கழுத்து வரை இறங்கிய கட்டி என்றால் எலும்பை நிலைநிறுத்தும் ஃபிக்ஸேஷனுக்கு எந்த ராடு (கம்பி) என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். டைட்டானியம் சி.டி.யில் கோடுகோடாக நிழல் விழ வைக்கும், புரோட்டான் எங்கே நிற்கும் என்ற கணக்கு தப்பும். கார்பன் ஃபைபர் ராடு கிடைத்தால் நல்லது. இன்னொன்று சைனஸ்: பிளானிங் சி.டி.யில் சளி நிறைந்திருந்து, பாதி சிகிச்சையில் அது வடிந்து காற்றானால் கதிர் தாண்டிப் போய் மூளைத்தண்டில் விழும். ஆபரேஷன் ஓட்டையை அடைக்க வைத்த தொடைக் கொழுப்பு சுருங்கினாலும் கணக்கு மாறும். இடையில் சி.டி. திரும்ப எடுத்தே ஆக வேண்டும்.

பிஜி_நியூரோ:
காமா நைஃப் (ஒரே தவணையில் குவித்துத் தரும் கதிர்) என்றால் ஒரே நாளில் முடியுமே?

கதிர்_ஆன்காலஜி:
மிச்சம் சின்னதாக, பார்வை நரம்பிலிருந்தும் மூளைத்தண்டிலிருந்தும் விலகி இருந்தால் யோசிக்கலாம். பார்வை நரம்புக்கு ஒரே தவணையில் 8-10 கிரே தான் எல்லை. மெனிஞ்சியோமாவுக்கு விளிம்பில் 12-14 போதும், கார்டோமாவுக்கு அது பத்தாது. உங்கள் கேஸ் மூளைத்தண்டை ஒட்டியே இருப்பதால் பொருந்தாது.

சென்னை தரமணியில் 2019 முதல் புரோட்டான் இருக்கிறது. மறு ஆபரேஷனுக்கு முன்பே படங்களைக் காட்டி, எந்தப் பக்கம் இடைவெளி வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்ததும் கார்டிசால், தைராய்டு அளவுகளை வருடாவருடம் பாருங்கள். இந்த ஹார்மோன்களை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பி சில வருடம் கழித்துத்தான் மெல்லப் படுக்கும். சோர்வு என்று விட்டுவிடுவார்கள்.