ஓப்பல் கல் இழைக்க: 220 கிரிட் சக்கரத்துக்கும் 600-க்கும் நடுவே என்ன போடலாம்?
அண்ணாச்சிமாரே, செங்கோட்டைப் பட்டறைக்கு ஒரு யோசனை வேணும்.

ஆஸ்திரேலிய ஓப்பலை கபோஷானாக (பட்டை வெட்டாம, மேல் குவிஞ்ச வழவழப்பான வடிவம்) இழைக்க 6 அங்குல வைரச் சக்கரங்கள் இருக்கு: 220 கிரிட் (சொரசொரப்பு எண், கூடக்கூட நைசு) உலோகம், அப்புறம் 600, 1200, 3000 ரெசின் (பிசின்). கடைசியில் தோல் வட்டில் சீரியம் ஆக்ஸைடு (மெருகுப் பொடி) குழம்பு. 80 கிரிட் ஓப்பலுக்கு ஆகாது, மோஸ் அளவில் (கற்களின் கடின அளவு) கடினம் 5.5 முதல் 6.5 தான், ஓரம் பெயர்ந்துடும்.

1200 முடிஞ்சு கல்லை உலரவிட்டா 220-ன் கீறல் தெரியுது. ஈரத்தில் கண்ணுக்குப் படாது. இடையில் 280 ரெசின் சக்கரம் வாங்கணுமா, 400 சிலிக்கன் கார்பைடு ஈரத்தாள் போதுமா?

தோல் வட்டு காய்ஞ்சா சூடேறி கல் விரிசல் விடும். அதுக்குப் பதிலா ஃபெல்ட் (அமுக்கின கம்பளி) வட்டு நல்லதா?

எத்தியோப்பியாவின் வெலோ பகுதி ஓப்பல் கல் தண்ணியை உறிஞ்சும். அதுக்குச் சீரியம் போட்டா கறை ஏறுமா? புனலூர், திருவனந்தபுரம் பக்கம் சக்கரம் கிடைக்கும் இடமும் சொல்லுங்க.