புதுப்பிப்பு: கூடுவாஞ்சேரி – தேனாம்பேட்டை தினசரிப் பயணம், வழி கிடைத்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சென்னைக்குப் புதிதாக வந்து கூடுவாஞ்சேரியில் குடியேறியிருக்கிறோம். ஜிஎஸ்டி சாலை நெரிசலில் சிக்காமல் தேனாம்பேட்டை அலுவலகத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டிருந்தேன்.

எனக்குச் சரிப்பட்டது 'கிண்டியில் மாறுங்கள்' என்ற யோசனை. செங்கல்பட்டு – கடற்கரை மின்சார ரயிலில் கிண்டி வரை. நிலையத்தை ஒட்டியே மெட்ரோ. நீல வழித்தடத்தில் சின்னமலை, சைதாப்பேட்டை, நந்தனம், அடுத்தது தேனாம்பேட்டை. பரங்கிமலையில் மாறச் சொன்னதையும் பார்த்தேன். அது பச்சை வழித்தடம், ஆலந்தூரில் மறுபடி மாற வேண்டும். கிண்டியே மேல். ரயிலுக்கு மாத சீசன் டிக்கெட், மெட்ரோவுக்கு சிங்காரச் சென்னை அட்டை. அட்டைக்குக் கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு.

எதிர்பாராதது திரும்பும் வழிதான். மாலை வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று அதில் ஏறினால், தாம்பரத்தில் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். அதில் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். கிண்டியிலேயே 'செங்கல்பட்டு' என்று பார்த்து ஏறுங்கள். அப்புறம், பராமரிப்புப் பணிக்காக ரயில்கள் ரத்தாகும் நாட்களைத் தெற்கு ரயில்வே முன்கூட்டியே அறிவிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.