ஃப்ரீஸ் என்பதற்கு ‘மாற்றத்தடை’: ஒரு முன்மொழிவு

வணக்கம்.

மென்பொருள் வெளியீட்டுக் கையேட்டைத் தமிழாக்கும் வேலை ‘ஃப்ரீஸ்’ (freeze) என்ற சொல்லில் வந்து நிற்கிறது. வெளியீட்டுக்கு முன்னால் புதிய மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் காலத்துக்கு அந்தப் பெயர். உறைவு, முடக்கம் என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. ‘மாற்றத்தடை’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். தன்னார்வலர்கள் உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 12-ஆம் பதிப்பு, அதாவது புக்வோர்ம், 2023 ஜூன் 10 அன்று வெளியானது. கட்டுப்பாடோ ஜனவரி 12-லேயே தொடங்கிவிட்டது. பல பொதிகளை (நிறுவுவதற்கு ஏற்றபடி கட்டிய மென்பொருள்களை) ஒருசேரப் பாதிக்கும் பெரிய மாற்றங்களுக்கு அன்றோடு அனுமதி இல்லை. பிப்ரவரி 12-க்குப் பிறகு புதிய பொதிகள் உள்ளே வர முடியாது. சின்னத் திருத்தங்கள் மட்டும் வரலாம். மார்ச் 12 முதல் முக்கியமான பொதிகளையும் தானியங்கிச் சோதனை இல்லாத பொதிகளையும் வெளியீட்டுக் குழு பார்த்து அனுமதித்தால்தான் உண்டு. மே 24 முதல் எல்லாப் பொதிகளுக்கும் அதே கதி.

இத்தனைக்கும் நடுவில் வேலை நிற்பதே இல்லை. வழு, அதாவது மென்பொருளில் உள்ள பிழை, திருத்தும் வேலை மும்முரமாக நடப்பதே அப்போதுதான். சம்பளம் வாங்காமல் உழைக்கிறவர்களிடம் ‘இந்த வழுவை நீ பார்’ என்று யாரும் உத்தரவு போட முடியாது. புதிதாக எதையும் உள்ளே விடாமல் இருந்தால், கவனம் தானாகவே இருக்கிற வழுக்கள் பக்கம் திரும்பும். இந்த ஏற்பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது.

‘உறைவு’ என்றால் எல்லாம் அசையாமல் நின்றுவிட்டதாகத் தோன்றும். புதிதாக வரும் தன்னார்வலர் அதைப் படித்துவிட்டு, இப்போது நமக்கு வேலை இல்லை போலிருக்கிறது என்று ஒதுங்கிவிடுவார். அவர் நமக்கு மிகவும் தேவைப்படும் நேரம் அது. ‘முடக்கம்’ நல்ல சொல்தான். வங்கிக் கணக்கு முடக்கம், சொத்து முடக்கம் என்று செய்தித்தாள்களில் ஊறியது. ஆனால் ‘முடக்கு’ என்பதை நம் இடைமுகங்களில் டிசேபிள் என்பதற்குக் கொடுத்துவிட்டோம். ஒரே கையேட்டில் இரண்டு பொருளுக்கும் அதுவே என்றால் குழப்பம்தான்.

பணி நியமனத் தடை என்று நாளிதழ்களில் படிக்கிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். இருக்கிறவர்கள் வேலை செய்துகொண்டே இருப்பார்கள். புது ஆள் மட்டும் உள்ளே வர முடியாது. நமக்கு வேண்டிய பொருள் அதேதான்.

அப்புறம், கிளைச்சொற்கள். கலைச்சொல் நிலைப்பதும் நிலைக்காததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. மேலே சொன்ன பிப்ரவரி, மார்ச், மே கட்டங்களுக்கு டெபியன் வைத்த பெயர்களான சாஃப்ட், ஹார்டு, ஃபுல் மூன்றையும் இளந்தடை, கடுந்தடை, முழுத்தடை என்று சொல்லிவிடலாம். தனியாகக் கேட்டு வாங்கும் அனுமதி ‘தடைவிலக்கு’. விதிப்பது, தளர்த்துவது, நீக்குவது எல்லாவற்றுக்கும் வினைச்சொல் கைவசம் இருக்கிறது. உறைவை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போக முடியவில்லை.

பேச்சில் ஃப்ரீஸ் என்றே சொல்லிக்கொள்ளலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. கையேட்டை முதன்முறையாகப் படிக்கிறவருக்குப் பொருள் விளங்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

இன்னும் தீராதது ‘ஸ்ட்ரிங் ஃப்ரீஸ்’, அதாவது திரையில் தெரியும் ஆங்கில வாசகங்களை இனி மாற்றக் கூடாது என்ற தடை. லினக்ஸ் பணிமேடையான க்னோமில் மொழிபெயர்க்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். கடைசி வாரத்தில் ஆங்கில மூலத்தில் ஒரு முற்றுப்புள்ளி கூடினாலும் போதும், கோப்புகளை ஒன்றிணைக்கும்போது கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவி அந்த மொழிபெயர்ப்பின் மேல் ‘ஃபஸ்ஸி’ (சரிபார்க்க வேண்டியது) என்று குறி போட்டுவிடும். யாராவது சரிபார்த்து அதை எடுக்காவிட்டால், அந்த இடத்தில் பயனருக்கு ஆங்கிலமே தெரியும். இந்தத் தடையைச் ‘சரத்தடை’ என்பதா, ‘உரைத்தடை’ என்பதா? நிரலாக்கத்தில் ஸ்ட்ரிங் என்பதற்குச் ‘சரம்’ நிலைத்துவிட்டது என்பது சரி. ஆனால் இங்கே மாறாமல் காக்கப்படுவது திரையில் தெரியும் உரை. அதனால் நான் உரைத்தடை பக்கம் சாய்கிறேன். பேசத் தடை என்று யாராவது படித்துவிடுவார்களோ என்ற ஒரு தயக்கம் மட்டும் இருக்கிறது. மொழிபெயர்ப்பு இருக்கும் பி.ஓ. கோப்புகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.