மறு: எசென்ஷியல் ஆயில் – ‘ஆவியெண்ணெய்’ என்று வைக்கலாம்

அனைவருக்கும் வணக்கம். நம் வேளாண் கலைச்சொல் பட்டியலில் ‘எசென்ஷியல் ஆயில்’ (செடிகளிலிருந்து எடுக்கும், எளிதில் ஆவியாகும் எண்ணெய்) என்பதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்று பல இடங்களில் வந்துவிட்டது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

ஐயா, அது மட்டும் வேண்டாம். அத்தியாவசியம் என்றதும் நம் மக்களுக்கு ரேஷன் கடைதான் நினைவுக்கு வரும், எண்ணெய் என்றதும் பாமாயில் பாக்கெட். மூலச்சொல்லில் இருப்பது எசென்ஸ், அதாவது செடியின் சாரம். ‘தேவை’ என்ற பொருளுக்கு அங்கே இடமே இல்லை. சிலந்திப்பேன் (இலைச்சாறு உறிஞ்சுகிற நுண்ணிய எட்டுக்கால் உயிர், ஆங்கிலத்தில் மைட்) கட்டுப்பாடு பற்றி எழுதும்போது இந்தச் சொல் மருந்தடிக்கிறவர் கைக்குப் போகிறது. சொல் தடுமாறினால் அவருடைய செடி கருகும்.

இங்கே பிரித்துக் காட்டவேண்டியவை இரண்டு எண்ணெய்கள். வேம்பு, புங்கம், இலுப்பை இவை விதையை ஆட்டி எடுப்பவை; அடித்தால் இலைமேல் படலமாகத் தங்கும். எலுமிச்சைப்புல், கிராம்பு, ஓமம், புதினா, ரோஸ்மேரி இவற்றிலிருந்து நீராவியால் வடிப்பவை வேறு இனம். காற்றுப் பட்டால் போய்விடும். ஒரு பழைய செய்தித்தாளில் நீலகிரித் தைலம் ஒரு சொட்டு, நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டு வைத்துப் பாருங்கள். நல்லெண்ணெய்க் கறை மறுநாளும் கண்ணாடி மாதிரித் தெரியும். தைலம் விட்ட இடம் ஏறக்குறைய வெறும் தாளாகிவிடும். வயலில் நடப்பதும் இதுதான். வேப்பெண்ணெய் சில நாள் தாங்கும். கிராம்பெண்ணெயின் வேகம் சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கிவிடும்.

அதனால்தான் ‘ஆவியெண்ணெய்’ என்கிறேன். ஆவியால் எடுக்கிறோம், ஆவியாகப் போகிறது, பூச்சியைத் தாக்கும் வேலையில் ஒரு பகுதியை ஆவியாகவே செய்கிறது. எதிர்ச்சொல்லும் கூடவே கிடைக்கிறது: நிலையெண்ணெய். பெயரைக் கேட்டதுமே உச்சிவெயிலில் அடிக்கக் கூடாது, மாலையில் அடிக்கவேண்டும், ஒரு முறை அடித்தால் போதாது என்று விவசாயிக்குப் புரியவேண்டும். வெயில் காலத்தில் இரட்டைப்புள்ளிச் சிலந்திப்பேன் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு ஒன்றிரண்டு வாரத்தில் வந்துவிடும். முதல் தெளிப்பில் தப்பிய முட்டைகள் பொரித்து வரும்போது இலைமேல் மருந்து மிச்சம் இருக்காது.

> ஆவி என்றால் பேய் பிசாசு நினைவு வராதா?

ஆவி பிடிக்கிறோமே அம்மா! கொதிக்கிற தண்ணீரில் நாலு சொட்டு நீலகிரித் தைலம் விட்டுப் போர்வையை மூடிக்கொள்வது எல்லா வீட்டிலும் உண்டு. இந்தச் சொல்லும் இந்த எண்ணெயும் ஏற்கெனவே ஒன்றாகப் புழங்குகின்றன.

மற்ற முன்மொழிவுகளையும் சொல்லிவிடுகிறேன். ‘நறுமண எண்ணெய்’ பரவலாக இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் பூண்டெண்ணெயை எந்த நறுமணத்தில் சேர்ப்பது? தலைக்குத் தேய்க்கிற வாசனை எண்ணெயும் அதற்குள் வந்துவிழும். ‘தைலம்’ எனக்கு மிகவும் பிடித்த சொல், யூகலிப்டஸையே தைலமரம் என்றுதானே சொல்கிறோம். இருந்தாலும் மூட்டுவலிக்குக் காய்ச்சுகிற தைலங்கள் பலவும் நல்லெண்ணெயில் செய்தவை, அதாவது நிலையெண்ணெய். (திலம் என்றால் எள். தைலமும் எண்ணெயும் எள்ளில் பிறந்த சொற்களே.) ‘வாலையெண்ணெய்’ என்று ஒருவர் எழுதியிருந்தது அழகு, சித்தர் மரபில் வடிகலத்துக்கு வாலை என்றே பெயர். செக்கெண்ணெய்க்கு நேர் இணையாகவும் நிற்கிறது. ஆனால் ஆரஞ்சுத் தோலெண்ணெயைப் பிழிந்தும் எடுக்கிறார்கள். அங்கே வாலை இல்லை, ஆவியாகும் குணம் மட்டும் இருக்கிறது.

இயற்கை விவசாயிகளின் கற்பூரக் கரைசலையும் நினைத்துப் பாருங்கள். வேப்பெண்ணெயும் கற்பூரமும் ஒரே டேங்கில் போகின்றன. ஒன்று தங்குகிறது, ஒன்று பறக்கிறது. இரண்டையும் ‘தாவர எண்ணெய் மருந்து’ என்று ஒரே பெயரில் எழுதினால் எது எதற்கு என்று சொல்லவே முடியாது.

‘எமல்ஷன்’ என்பதற்குப் ‘பால்மம்’ இருக்கட்டும். ஆவியெண்ணெய் தண்ணீரில் கலக்காது. சோப்புக் கரைசலோடு நன்றாக அடித்து, பால் போல் வெளுத்த பிறகே தெளிப்பானில் ஊற்றவேண்டும். மேலே எண்ணெய் மிதக்கிற கலவையை அடித்தால் ஒரு இலைக்கு ஒன்றும் படாது, அடுத்த இலை வெந்துபோகும். அளவு மிஞ்சினாலும் தளிர் கருகும். செடியிலிருந்து வந்ததுதானே, செடியை என்ன செய்யும் என்ற எண்ணம் ஆபத்தானது. கிராம்பின் யூஜினால், ஓமத்தின் தைமால் இரண்டுமே வீரியமான வேதிப்பொருள்கள். முதலில் நாலைந்து செடியில் அடித்து இரண்டு நாள் பார்ப்பது நல்லது.

அடுத்து, ‘அகாரிசைடு’, அதாவது சிலந்திப்பேனைக் கொல்கிற மருந்து. இதற்குச் ‘சிலந்திக்கொல்லி’ என்று பட்டியலில் இருப்பதை நீக்கக் கேட்கிறேன். வலை பின்னிப் பூச்சி தின்கிற சிலந்தி விவசாயியின் நண்பன். ‘பேன்கொல்லி’யும் சரிவராது, த்ரிப்ஸுக்கு இலைப்பேன் என்று பெயர் நிலைத்துவிட்டது. மிளகாயில் இந்தக் குழப்பம் காசைக் கரைக்கும். இலைப்பேன் சாறு உறிஞ்சினால் இலை மேல்நோக்கிச் சுருளும். மஞ்சள் சிலந்திப்பேன் தாக்கினால் கீழ்நோக்கிக் கவிழ்ந்து படகைக் கவிழ்த்தாற்போல் இருக்கும். முன்னது ஆறுகால் பூச்சி, பின்னது எட்டுக்கால் இனம். ஒன்றுக்கான மருந்து மற்றதைப் பல சமயம் தொடவே தொடாது. சிந்தெடிக் பைரெத்ராய்டு என்ற வகைச் செயற்கைப் பூச்சிக்கொல்லியை அடித்தால், சிலந்திப்பேனைத் தின்கிற இரைவிழுங்கிகள் செத்து, சிலந்திப்பேன் இன்னும் பெருகுவதும் உண்டு. எனவே நீளமானாலும் ‘சிலந்திப்பேன்கொல்லி’ என்று முழுசாகவே எழுதுவோம்.

தென்னங்காயைத் தாக்குகிற ஈரியோபைட் என்ற மைட் மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதற்கு நாலே கால், கண்ணுக்கும் தெரியாது, குரும்பையின் காம்படியில் மூடியிருக்கும் இதழ்களுக்கு அடியில் ஒளிந்து வாழ்கிறது. 1998-இல் கேரளத்தில் கண்டறிந்த பிறகு நம் தோப்புகளுக்கும் பரவியது. அதற்கு வேப்பெண்ணெய்-பூண்டு-சோப்புக் கரைசலைப் பரிந்துரைத்தார்கள், ஆக அதுவும் இந்தத் தலைப்புக்குள் வருகிறது. அதைச் சிலந்திப்பேன் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. பொள்ளாச்சி, பேராவூரணிப் பக்கம் தோப்பு வைத்திருக்கிறவர்கள் குழுவில் இருந்தால், வேலைக்கு வருகிறவர்கள் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதுங்கள். அந்தப் பெயர் வந்த பிறகு பட்டியலில் அந்த வரியை நிரப்பலாம்.

அன்புடன்.