காரோடு வந்த ஸ்பீக்கர்களை 500 வெள்ளிக்குள் மாற்ற முடியுமா?

கேள்வி: பட்டர்வொர்த் வாசகர்

வணக்கம். பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து பாயான் லெப்பாஸுக்கு நாள்தோறும் பழைய மைவி காரில் வேலைக்குப் போய் வருகிறேன். காரோடு வந்த ஸ்பீக்கர்களில் மின்னல் எஃப்எம் செய்தி தெளிவாகவே கேட்கிறது. ஆனால் உருமி மேளப் பாட்டைச் சற்றே சத்தமாக வைத்தால், உருமியின் இழுப்பும் தவிலின் அடியும் குழம்பிப்போய், கதவு தனியாக அதிர்கிறது. கடையில் விசாரித்தால் நான்கு ஸ்பீக்கர், ஒலியின் திறனைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர், கனமான ஒலிக்கென்றே இருக்கும் சப்வூஃபர் என்று பட்டியல் நீள்கிறது. என்னிடம் இருப்பது 500 வெள்ளி. ரேடியோவை மாற்றாமல் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: செந்தூல்வாசி

ஐயா, பின்பக்க ஸ்பீக்கர்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஓட்டுபவர் காதுக்குப் பாட்டு முன்னாலிருந்துதான் வரவேண்டும். ஆகவே பணம் முழுவதும் முன்கதவுகளுக்கே போகட்டும்.

வாங்கும்போது பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட்ஸ் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். ரேடியோவின் மேல் 50 வாட்ஸ் என்று எழுதியிருந்தாலும், ஒரு ஸ்பீக்கருக்கு அது தொடர்ந்து தரக்கூடியது ஏறக்குறைய 15 முதல் 20 வாட்ஸ்தான். பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி என்ற எண், அதாவது கொடுக்கும் மின்திறனுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு. அது 3 டெசிபல் கூடினால், அதே சத்தத்துக்குப் பாதி மின்திறன் போதும்; எனவே ஆம்ப்ளிஃபையர் இல்லாத காரில் 87 டெசிபல் ஸ்பீக்கரைவிட 92 டெசிபல் உள்ளது, விலை குறைவாக இருந்தாலும், நன்றாகவே உழைக்கும். கீச்சொலிக்கான சிறு ஸ்பீக்கராகிய ட்வீட்டர் நடுவிலேயே பொருத்தப்பட்ட கோஆக்சியல் வகை உங்களுக்குப் போதும். 300 வெள்ளிக்குமேல் அதற்குச் செலவழிக்காதீர்கள், ஏனென்றால் மீதிப் பணத்துக்குக் கதவில் வேலை இருக்கிறது.

பதில்: ஜெலுத்தோங் நண்பர்

மேலே சொன்னதை ஏற்கிறேன், வரிசையைத்தான் மாற்றச் சொல்வேன்: கதவு முதலில், ஸ்பீக்கர் பிறகு. உள்பக்கத் தகட்டில் இருக்கும் பெரிய துளைகளை வெறும் பிளாஸ்டிக் தாள்தான் மூடியிருக்கும். ஸ்பீக்கரின் பின்புறத்திலிருந்து கிளம்பும் ஒலி அவற்றின் வழியே வெளியேறி, முன்புற ஒலிக்கு நேர் எதிராக வந்து கலப்பதால், தவிலின் கனமான அடி அங்கேயே கரைந்துவிடுகிறது. அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் (ஒருவகை ரப்பர்) பட்டையால் அத்துளைகளை அடைத்துப் பழைய ஸ்பீக்கரிலேயே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சிலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும். கூரைக்கு ஒட்டும் தார்ப்பட்டை மலிவு என்று கடைக்காரர் தந்தால் வாங்க வேண்டாம், நம் ஊர் வெயிலில் அது இளகி நாற்றமடிக்கும். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் மறந்தும் மூடிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. காரின் வயரை வெட்டாமல் பொருத்த முடியுமா?

பதில்: செந்தூல்வாசி

முடியும். காரின் வயர் முனையில் அப்படியே செருகக்கூடிய, உங்கள் காருக்கேற்ற சாக்கெட் வயர் தனியாகக் கிடைக்கிறது. கோலாலம்பூர் பக்கம் வந்தால் ஜாலான் பாசாரிலும் விசாரிக்கலாம். வாங்குமுன் கண்ணாடியை முழுவதுமாக இறக்கி, ஸ்பீக்கரின் காந்தம் அதில் இடிக்குமா என்று ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். இடித்தால் வளையம் ஒன்றை இடையில் வைக்க வேண்டியிருக்கும். இரண்டு பக்கமும் கூட்டல், கழித்தல் முனைகள் ஒரேபோல் இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் மாறினாலும் பேஸ், அதாவது கனமான அடி ஒலி, காணாமல் போகும். ஐயமிருந்தால் ஸ்பீக்கர் முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள்: பேட்டரியின் கூட்டல் முனை ஸ்பீக்கரின் கூட்டல் முனையில் பட்டால் கூம்பு வெளிப்புறமாக நகரும்.