சான்றிதழ் விசாரணையில் சபைக் குடும்பங்கள்: நீங்கள் கண்டதைப் பகிருங்கள்

வடகரை
டி.இ.எல்.சி. (தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) கிராமச் சபை ஒன்று. பன்னிரண்டாவது முடித்த பெண்ணுக்குச் சாதிச் சான்று விசாரணை. வீட்டுக்கு வந்த வி.ஏ.ஓ. சுவரில் மாட்டியிருந்த திடப்படுத்தல் சான்றைப் பார்த்துவிட்டு, "அப்போ நீங்க எஸ்.சி. இல்லையே" என்றார். அந்த அம்மா எழுந்து போய்ச் சான்று இருந்த கண்ணாடிச் சட்டத்தைத் திருப்பி, எழுத்து சுவர்ப் பக்கம் இருக்கும்படி மாட்டினார். பெண் தலைகுனிந்து நின்றாள்.

இந்து அல்லாதவருக்கு எஸ்.சி. தகுதி இல்லை என்ற 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி நம் எல்லாருக்கும் தெரியும். 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், தலித் கிறிஸ்தவரான நம்மைச் சேர்க்கவில்லை. ஆனால் "கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்" என்று பி.சி. சான்று வாங்கலாம், அதைக் கொண்டே ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம் என்று அந்தச் சபையில் ஒருவரும் சொல்லவில்லை. கமிட்டியில் பாதிப்பேர் தலைமைத்துவப் பயிற்சிக்குப் போய்வந்தவர்கள். அங்கே சொல்லித் தந்தது தீர்மானம் எழுதுவதும் காணிக்கைக் கணக்கும்தான்.

மேசைக்காரர்
பெரும்பாலும் சிக்குவது இ-சேவையில். எஸ்.சி. என்று விண்ணப்பித்தால் அது தாசில்தாருக்குப் போகும், பி.சி. என்றால் மண்டலத் துணை தாசில்தாருக்கு. பிரிவு மாறிப் போட்டால் தவறான இடத்துக்குப் போய் நிராகரிப்பாகித் திரும்பும். அதற்குள் கல்லூரிக் கடைசித் தேதி போய்விடும்.

இதற்கு வேர் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை. அப்பாவின் பழைய சான்றில் "இந்து", பிள்ளையின் டி.சி.யில் "கிறிஸ்தவர்" என்று இருந்தால் பன்னிரண்டு வருடம் கழித்து இரண்டும் மோதும். உதவித்தொகைக்குச் சாதிச் சான்றோடு வருமானச் சான்றும் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கும் வேண்டும். மூன்றிலும் பெயரும் இனிஷியலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று மே மாதமே பாருங்கள். பணம் வராமல் நிற்பது அநேகமாக அங்கேதான்.

மாலைமணி
எதற்கு இவ்வளவு? எங்கள் பக்கத்துச் சபையில் ஒரு தாத்தா, எஸ்.சி. சான்று போய்விடக் கூடாதே என்று, பேரனின் ஞானஸ்நானத்தைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டாமென்று போதகர் ஐயரிடம் கெஞ்சினார். "தண்ணி ஊத்துங்க ஐயா, எழுதாதீங்க." ஐயர் எழுதிவிட்டார். அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு கோயில் படி ஏறவில்லை. அவர் எழுதாமல் விட்டிருக்கலாம் என்பதே என் எண்ணம்.

பழைய செயலர்
மாலைமணி, தாத்தாவின் வலி புரிகிறது. ஆனால் உங்கள் யோசனை அந்தப் பையனை ஆபத்தில் தள்ளும். எஸ்.சி. சான்று கேட்ட புதுச்சேரி செல்வராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்புச் சொன்னபோது ஞானஸ்நானமும் தொடர்ந்து கோயிலுக்குப் போவதும்தான் எதிராக நின்றன. ஏட்டில் எழுதாவிட்டாலும் ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. வேலை கிடைத்த பின் சான்று ரத்தானால் வேலையும் போகும்.

பதிவேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிறந்த தேதிக்கும் ஞானஸ்நான தேதிக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும். ஒரே பத்தியில் எழுதியதால் ஞானஸ்நான நாளையே பிறந்த நாளாகப் பள்ளியில் கொடுத்தவர்கள் நிறைய. பிழை வந்தால் ஒயிட்னர் பூசக் கூடாது. ஒற்றைக் கோடு, மேலே சரியான எழுத்து, ஓரத்தில் போதகர் கையெழுத்து, தேதி. நகல் கொடுக்கும்போது ஏட்டில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். ஆதாருக்கு ஏற்றபடி பெயரை மாற்றித் தந்தால் பிறகு மூலத்தைக் கேட்கும்போது இரண்டும் செல்லாது. பழைய ஏடுகளை லேமினேட் செய்யவே கூடாது. மையின் அமிலம் உள்ளேயே தங்கித் தாளை அரிக்கும், பிரித்தெடுக்கவும் முடியாது. பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். இரும்பு பீரோவைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள், ஓதம் ஏறும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு அரசுப் பிறப்புச் சான்று கட்டாயம். ஞானஸ்நானச் சான்று அதற்கு ஈடாகாது என்று பெற்றோரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

மாலைமணி
ஏட்டைக் காப்பாற்றுவது சரி. தாத்தாவை யார் காப்பாற்றுவது?

கல்லறைத்தோட்டம்
மாலைமணி கேட்பது நியாயம். கல்லறைக்குப் போகும் வழியை மறித்துச் சவத்தை இறக்கி வைக்கச் சொன்ன இடத்தில், புகார் எழுதப்போன கமிட்டிக்காரர்களிடம் முதலில் கேட்டது மதத்தைத்தான். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கிறிஸ்தவ தலித்துக்குப் பொருந்தாது. புகாரில் அந்தச் சட்டத்தை மட்டும் நம்பி எழுதினால் வழக்கு நிற்காது. வழிமறித்தது, மிரட்டியது, அடித்தது என்று நடந்ததைத் தனித்தனியாக, நேரத்தோடு எழுதிப் பொதுக் குற்றச் சட்டப் பிரிவுகளையும் கேளுங்கள். மனு ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.

1950 ஆணை வந்த ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக வைத்துக் கொடி கட்டுகிறோம். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் நமக்கும் எஸ்.சி. தகுதி கேட்டுத் தீர்மானமும் போட்டது. ஆனால் நம் சபைகளுக்குள்ளேயே ஜெர்மானிய லுத்தரன் அமைப்பான லைப்சிக் மிஷன் காலத்திலிருந்து சாதியை அனுசரித்துப் போன பழக்கம் இருக்கிறது. கல்லறையில் தனி வரிசை வைத்திருக்கும் சபை, கலெக்டரிடம் சமநீதி மனு கொடுக்கும்போது எதிர்த்தரப்பு அந்த வரிசையைத்தான் படமெடுத்துக் காட்டுகிறது. அடுத்த தலைமைத்துவப் பயிற்சியில் முதல் அமர்வாக இதை வைக்கச் சொல்லிக் கமிட்டித் தீர்மானம் அனுப்புங்கள்.

வடகரை
அந்தப் பெண்ணுக்கு துணை தாசில்தார் கையெழுத்தில் பி.சி. சான்று வந்துவிட்டது. வருமானச் சான்று மட்டும் பாக்கி. மேசைக்காரர், அப்பா இறந்துவிட்டால் அதை அம்மா பெயரில் வாங்கலாமா?