புதுப்பிப்பு: மதுரையிலிருந்து திருவையாறு ஆராதனைக்கு இரண்டு ராத்திரி, அம்மாவோடு

முட்டிவலி உள்ள அம்மாவோடு கர்நாடக இசை மேதை தியாகராஜர் நினைவாக வருஷா வருஷம் திருவையாற்றில் நடக்கும் தியாகராஜ ஆராதனைக்குப் போய் இரண்டு ராத்திரி கச்சேரி கேட்டு வர வழி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது "ரூம் தஞ்சாவூர்ல, அதுவும் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போடுங்க" என்ற யோசனைதான். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஏறினால் தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவார்கள். திருவையாறு டவுன் பஸ் பிடிப்பது பழையதில். 13 கிலோமீட்டர், நெரிசல் இல்லாவிட்டால் அரை மணி நேரம். ராத்திரி கடைசி பஸ்ஸை நம்ப வேண்டாம். போகும்போதே ஒரு ஆட்டோக்காரரிடம் திரும்பும் நேரமும் வாடகையும் பேசி வைங்க.

நாற்காலி கொண்டுபோகும் யோசனை எடுபடவில்லை. தரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு நடுவே போட்டால் பின்னால் இருப்பவர் சத்தம் போடுவார், நியாயம்தான். பந்தல் ஓரத்தில் அரை அடி முக்காலி, மேலே மடித்த போர்வை. அம்மா மூணு மணி நேரம் முனகாமல் உட்கார்ந்தார்.

எதிர்பாராதது ஈரம். மேலே கூரை இருக்கு, ஆனால் காவிரிக் கரை மண் கீழிருந்து குளிரும். ஜமுக்காளம் ஒன்பது மணிக்கெல்லாம் சில்லென்று நமுத்துப்போச்சு. மறுநாள் உரச்சாக்கைப் பிரித்து அடியில் போட்டதும் சரியானது.

எல்லாரும் சேர்ந்து பாடும் தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகள், அதாவது பஞ்சரத்தினம், ராத்திரி கிடையாது. புஷ்ய பகுள பஞ்சமி (புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாள்) அன்று காலை 9 மணி வாக்கில், நாட்டை ராகத்தில் தொடங்கி ஸ்ரீ ராகத்தில் முடியும். ஏழுக்குள் இடம் பிடிக்காவிட்டால் ஸ்பீக்கரில்தான் கேட்கணும். திதிக் கணக்கு, சனி ஞாயிறில்தான் வரும் என்றில்லை. பஞ்சாங்கம் பார்த்துட்டு லீவு சொல்லுங்க.